கிராஷ் ஆன இடம் வேறு, பக் இருக்கும் இடம் வேறு

லினக்ஸ் டெர்மினலில் கணக்குப் போட பி.சி. (bc) என்று ஒரு சின்ன கால்குலேட்டர் உண்டு. 2^100 எவ்வளவு என்று கேட்டால் 1267650600228229401496703205376 என்று கடைசி இலக்கம் வரை சரியாகச் சொல்லும். எண் எவ்வளவு பெரிதானாலும் நினைவகம் இருக்கும் வரை அசராது. இதன் முதல் வடிவத்தை 1975-இல் பெல் ஆய்வகத்தில் லோரிண்டா செர்ரியும் ராபர்ட் மாரிஸும் உருவாக்கினார்கள். பல லினக்ஸ் கணினிகளில் இருக்கும் குனு பதிப்பை பிலிப் நெல்சன் பின்னாளில் எழுதினார்.

அந்த குனு பி.சி.யின் 1.06 பதிப்பில் ஒரு பக் இருந்தது. ஒரே ஒரு எழுத்துப் பிழைதான். ஆனால் அதனால் புரோகிராம் கிராஷ் ஆகும்போது, விழும் இடத்துக்கும் பிழை இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. புரோகிராமிங் பழக ஆரம்பித்தவர்கள் பலர், கிராஷ் செய்தி எந்த வரியைக் காட்டுகிறதோ அந்த வரியையே மாற்றி மாற்றிப் பார்த்துச் சோர்ந்து போகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த ஒரு பக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கிராஷை எப்படித் தேடிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

முதலில், கிராஷ் என்றால் என்ன? புரோகிராம் தானாக விழுவதில்லை, பெரும்பாலும் இயங்குதளம்தான் அதை நிறுத்துகிறது. தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியை ஒரு புரோகிராம் தொட்டால், பிராசஸர் அதைக் கண்டுபிடித்து இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் சொல்லும். கெர்னல் அந்தப் புரோகிராமுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். திரையில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று வருவது இதனால்தான். லினக்ஸில் அந்த சிக்னலின் எண் 11. கிராஷ் ஆனவுடனே, கட்டளைகளை அடிக்கும் ஷெல்லில் எக்கோ $? (echo $?) என்று அடித்தால் 139 வரும், அதாவது 128-உடன் 11. இதே இடத்தில் 134 வந்தால் சிக்னல் 6. ஏதோ தப்பாக இருக்கிறது என்று புரோகிராமோ அது பயன்படுத்தும் லைப்ரரியோ தானே கண்டுகொண்டு நிறுத்திவிட்டது என்று அர்த்தம். 136 என்றால் சிக்னல் 8, முழு எண் வகுத்தலில் கோளாறு. கால்குலேட்டர் வகைப் புரோகிராம்களில் இந்த 136-ஐயும் பார்க்கலாம். பழைய பாஷ் ஷெல் பதிப்புகளில் -9223372036854775808-ஐ -1-ஆல் வகுக்கச் சொன்னால் ஷெல்லே விழுந்துவிடும். காரணம், விடையான 9223372036854775808 என்ற எண் 64 பிட் முழு எண்ணுக்குள் அடங்காது.

வெறும் மூன்று இலக்கம்தான், ஆனால் தேடலை எங்கே தொடங்க வேண்டும் என்று அதுவே பாதி சொல்லிவிடும். கிராஷ் ஆனால் முதல் வேலையாக இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சொந்தமில்லாத முகவரியைத் தொட்டால் பிராசஸர் பிடித்துவிடும் என்றேன். அது முழு உண்மை இல்லை. பிராசஸர் நினைவகத்தை பைட் பைட்டாகக் காவல் காப்பதில்லை. பேஜ் பேஜாகத்தான் பார்க்கிறது, வழக்கமான கணினிகளில் ஒரு பேஜ் 4096 பைட். அந்தப் பேஜ் உங்கள் புரோகிராமுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அதற்குள் எங்கே எழுதினாலும் பிராசஸருக்கு ஆட்சேபம் கிடையாது. 512 பைட் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு 768 பைட் எழுதினாலும், பெரும்பாலும் எல்லாம் ஒரே பேஜுக்குள்ளேயே இருக்கும். அந்த நொடியில் எந்தச் சத்தமும் வராது.

ஆனால் சேதம் நடந்துவிட்டது. சி மொழியில் மேலாக் என்ற ஃபங்ஷனிடம் நினைவகம் கேட்கும்போது, அது கொடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் சற்று முன்னால் அந்தத் துண்டின் அளவைக் குறித்து வைக்கிறது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜி-லிப்-சி என்ற சி லைப்ரரி இப்படித்தான் செய்கிறது. இந்தக் குறிப்புகள் வயலுக்கு நடுவே நட்டிருக்கும் எல்லைக்கல் மாதிரி. உழும்போது ஒருவர் பக்கத்து வயலுக்குள் கொஞ்சம் போய்க் கல்லைப் பெயர்த்துவிட்டால் அன்றைக்கு எதுவும் நடக்காது. இன்னொரு நாள் நிலத்தை அளக்க வரும்போதுதான் கணக்கு உதைக்கும். இங்கே அளக்க வருவது அடுத்த மேலாக் அல்லது வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் அடுத்த ஃப்ரீ. கல் பெயர்ந்ததற்கும் அளக்க வந்ததற்கும் நடுவே புரோகிராம் ஆயிரக்கணக்கான வரிகளை ஓட்டியிருக்கலாம். கிராஷ் செய்தியோ அளக்க வந்தவரின் பெயரை மட்டும்தான் சொல்லும்.

பி.சி. 1.06-இல் நடந்தது இதுதான். அதன் சோர்ஸ் கோடை, அதாவது நிரல் வரிகளை, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பி.சி.யில் நீங்கள் வேரியபிள் (ஒரு பெயரில் ஒரு மதிப்பு) வைத்துக்கொள்ளலாம், அரேயும் (ஒரே பெயரில் பல மதிப்புகள்) வைத்துக்கொள்ளலாம். எத்தனை வைப்பீர்கள் என்று அதற்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் வேரியபிள்களுக்கு ஒரு பட்டியல், அரேக்களுக்கு ஒரு பட்டியல் என்று வைத்து, இடம் தீரும்போது 32 இடமாகக் கூட்டிக்கொண்டே போகும். வேரியபிள் பட்டியலில் இப்போது எத்தனை இடம் என்பதை 'வி-கவுன்ட்' என்ற எண் வைத்திருக்கும். அரே பட்டியலுக்கு 'ஏ-கவுன்ட்'. வேரியபிள் பட்டியலைப் பெரிதாக்க ஒரு ஃபங்ஷன், அரே பட்டியலைப் பெரிதாக்க 'மோர் அரேஸ்' என்று இன்னொரு ஃபங்ஷன். இரண்டும் ஸ்டோரேஜ் என்ற ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன.

மோர் அரேஸ் செய்யும் வேலை எளிமையானது. ஏ-கவுன்ட்டோடு 32 கூட்டும். அத்தனை இடத்துக்குப் புதிதாக நினைவகம் வாங்கும். பழைய பட்டியலில் இருந்ததைப் புதியதில் நகல் எடுக்கும். அப்புறம் மீதி இருக்கும் புது இடங்களில் ஒரு லூப் போட்டு 'காலி' என்று நிரப்பும், அதாவது நல் (NULL) என்ற பூஜ்ய மதிப்பு. இந்தக் கடைசி லூப் ஏ-கவுன்ட் வரை ஓட வேண்டும். 1.06-இல் அது வி-கவுன்ட் வரை ஓடியது. வேரியபிள் ஃபங்ஷனை நகல் எடுத்து ஒட்டி, பெயர்களை மாற்றிக்கொண்டு வரும்போது அந்த ஓர் எழுத்து மட்டும் தப்பிவிட்டது என்றுதான் பார்க்கும் யாருக்கும் தோன்றும். இரண்டும் சரியான வேரியபிள் பெயர்கள், இரண்டும் முழு எண்கள். அதனால் சோர்ஸ் கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் எதுவும் சொல்லாது.

இதனால் என்ன ஆகும் என்று எண்களை வைத்துப் பாருங்கள். பி.சி.யில் 70 வேரியபிள் உருவாக்குகிறீர்கள். வி-கவுன்ட் 32-இலிருந்து 64 ஆகி, 96 ஆகிவிடும். அதன் பிறகு 40 அரே உருவாக்குகிறீர்கள். 32 இடம் போதாமல் மோர் அரேஸ் ஓடும், ஏ-கவுன்ட் 64 ஆகும். 64 பாயின்டருக்கு (நினைவக முகவரியை வைத்திருக்கும் இடம்) ஒன்றுக்கு 8 பைட் வீதம் 512 பைட் வாங்கியாயிற்று. லூப் 64-இல் நிற்காமல் 96 வரை போகும். 32 இடம் அதிகம், 256 பைட் பூஜ்யத்தைப் பக்கத்துத் துண்டின் மேல் கொட்டிவிடும். அங்கே இருந்த அளவுக் குறிப்பு போயே போய்விடும். பி.சி. எதுவும் நடக்காத மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு எங்கேயோ ஒரு கூட்டலுக்கு நினைவகம் கேட்கும்போது மேலாக்குக்குள் விழும்.

இந்தப் பிழைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. வேரியபிள் அதிகம் வைக்காமல் 40 அரே மட்டும் உருவாக்கினால் வி-கவுன்ட் 32-இலேயே நிற்கும். லூப் ஒரு தடவைகூட ஓடாது. புது இடங்கள் காலி என்று நிரப்பப்படாமல், அந்த நினைவகத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதோடேயே இருக்கும். முன்பு பூஜ்யம் கிடந்திருந்தால் தப்பித்தோம். குப்பை கிடந்திருந்தால் அதையே ஒரு பாயின்டர் என்று நம்பிப் பி.சி. போய் இடிக்கும். வி-கவுன்ட்டும் ஏ-கவுன்ட்டும் தற்செயலாக ஒரே எண்ணாக இருக்கும்போது மட்டும்தான் இந்த லூப் நிஜமாகவே சரியாக வேலை செய்கிறது.

இவ்வளவு வெளிப்படையான பிழை ஏன் கண்ணில் படவில்லை? யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின்படி பி.சி.யில் பெயர் என்றால் ஒரே ஒரு சின்ன எழுத்துதான். அப்படியானால் அதிகபட்சம் 26 வேரியபிள், 26 அரே. 32 என்ற முதல் கட்டத்தையே யாரும் தாண்ட மாட்டார்கள், மோர் அரேஸ் இரண்டாம் தடவை ஓடவே ஓடாது. நீளமான பெயர்களை அனுமதிப்பது குனு பதிப்பின் கூடுதல் வசதி. அதையும் பயன்படுத்தி 32 அரே வைக்கிற அளவுக்கு யார் கால்குலேட்டரில் எழுதுவார்கள்? வழக்கமான உபயோகம் எட்டாத மூலையில் பிழை சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

சரி, இப்படி ஒரு கிராஷ் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது?

கிராஷை நினைத்தபோது வரவைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கணக்கை ஒரு கோப்பில் எழுதி பி.சி.க்கு அந்தக் கோப்பைக் கொடுத்து ஓட்டுங்கள். கையால் அடித்துப் பார்ப்பதில் ஒரு எழுத்து கூடலாம், குறையலாம், கோப்பில் அந்தச் சந்தேகம் இல்லை. கிராஷ் உறுதியாக வருகிறது என்றால், கோப்பைச் சிறிதாக்குங்கள். பாதியை வெட்டிவிட்டு ஓட்டுங்கள். இன்னும் விழுந்தால் மீதியையும் பாதியாக்குங்கள். விழவில்லை என்றால் வெட்டியதைத் திரும்ப வைத்து வேறு பகுதியை வெட்டுங்கள். ஆண்ட்ரியாஸ் செல்லர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இதை டெல்டா டீபக்கிங் என்ற பெயரில் முறையான வழியாகவே வகுத்தார், கணினியே தானாக வெட்டிக்கொண்டு போகும்.

நம்முடைய கோப்பில் இப்படி வெட்டும்போது ஒரு விசித்திரம் தெரியும். எந்த ஒரு வரியும் தனியாகக் குற்றவாளி இல்லை. எந்த வேரியபிளை எடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனதும் கிராஷ் நின்றுவிடுகிறது. இதைக் கவனித்தவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பிழை குறிப்பிட்ட கணக்கில் இல்லை, எத்தனை வைத்தோம் என்பதில் இருக்கிறது. அப்படியென்றால் எதையோ எண்ணுகிற, எதையோ பெரிதாக்குகிற கோடைத் தேட வேண்டும். ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கரைத் திறப்பதற்கு முன்பே இவ்வளவு தூரம் வந்துவிட முடிகிறது. இந்தப் படியைத் தாவிவிட்டு நேராக டீபக்கருக்குப் போவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்து, சோர்ஸ் கோடை எடுத்து, டீபக் தகவலோடும் ஆப்டிமைசேஷன் இல்லாமலும் கம்பைல் செய்யுங்கள். ஜி.சி.சி. கம்பைலரில் அதற்கு மைனஸ் ஜி (-g), மைனஸ் ஓ பூஜ்யம் (-O0) என்ற இரண்டு ஆப்ஷன்கள். ஜி.டி.பி. டீபக்கருக்குள் ஓட்டி, விழுந்தவுடன் பேக்டிரேஸ் கேளுங்கள். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை வரும். மேலே மேலாக், அதற்குக் கீழே அதை அழைத்த பி.சி.யின் ஏதோ ஒரு ஃபங்ஷன் என்று இருக்கும். மோர் அரேஸ் என்ற பெயர் எங்கேயும் இருக்க வேண்டியதில்லை. அது வேலை முடித்துத் திரும்பிப் போய் வெகு நேரம் ஆகிவிட்டது. பேக்டிரேஸில் இருப்பது இந்த நொடியில் பாதியில் நிற்கும் ஃபங்ஷன்கள் மட்டும்தான், நடந்து முடிந்தவை அதில் வராது.

மேலாக்கிலோ ஃப்ரீயிலோ விழுந்தது என்று பார்த்ததும், மேலாக்கில் பக் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் அது. அங்கே விழுந்தால், மேலாக் கொடுக்கும் துண்டுகள் இருக்கும் ஹீப் நினைவகத்தை யாரோ முன்பே கெடுத்துவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள். புதிய ஜி-லிப்-சி சில சமயம் 'மேலாக்: கரப்டட் டாப் சைஸ்', 'ஃப்ரீ: இன்வேலிட் நெக்ஸ்ட் சைஸ்' என்றெல்லாம் சொல்லிவிட்டுத் தானே நிறுத்திக்கொள்ளும். அப்போது வரும் எண்தான் 134.

இன்னொன்று, டீபக்கருக்குள் ஓட்டினால் மட்டும் கிராஷ் வராமல் போகலாம். ஜி.டி.பி. வழக்கமாக முகவரிகளைக் கலைத்துப் போடும் பாதுகாப்பு வசதியை அணைத்துவிடுவதால் நினைவகத்தின் அமைப்பு மாறிவிடுகிறது. கெட்டுப்போன பைட்டுகள் இந்த முறை வேறு ஏதாவது பயனற்ற இடத்தில் விழுந்திருக்கும். பக் போய்விட்டது என்று மகிழ வேண்டாம்.

இந்த மாதிரி சமயத்துக்குத்தான் வால்கிரிண்ட் இருக்கிறது. இது உங்கள் புரோகிராமை நேரடியாக ஓட்டாமல், ஒவ்வொரு நினைவக அணுகலையும் சோதித்துக்கொண்டே ஓட்டும். புரோகிராம் பல மடங்கு மெதுவாகும், ஆனால் ஒரு கால்குலேட்டருக்கு அது பெரிய விஷயம் இல்லை. நம் கோப்பைக் கொடுத்தால், கிராஷுக்கெல்லாம் காத்திருக்காமல், 65-வது இடத்தில் எழுதும் அந்த நொடியிலேயே 'இன்வேலிட் ரைட் ஆஃப் சைஸ் 8' என்று கத்தும். எழுதிய இடம் 512 பைட் துண்டு ஒன்றுக்கு அடுத்த பைட் என்றும், அந்தத் துண்டு எந்த வரியில் வாங்கப்பட்டது என்றும் சொல்லும். வரி எண்ணோடு மோர் அரேஸ் வந்து நிற்கும். 512-ஐ 8-ஆல் வகுத்தால் 64. ஏ-கவுன்ட் என்னவென்று டீபக்கரில் கேட்டால் அதுவும் 64. பின் ஏன் லூப் 64-ஐத் தாண்டியது? லூப்பின் நிபந்தனையைப் படிக்கிறீர்கள், அங்கே வி என்று இருக்கிறது.

அட்ரஸ் சானிடைசர் என்பது இதே வேலையைக் கம்பைல் செய்யும்போதே கோடுக்குள் புகுத்திவிடும் வழி. வால்கிரிண்டைவிட நிறைய வேகம், ஜி.சி.சி., கிளாங் இரண்டிலும் இருக்கிறது. ஒதுக்கிய ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் தொடக்கூடாத பகுதி ஒன்றை வைத்துவிட்டு, அதை யாராவது தொட்டால் 'ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று அங்கேயே நிறுத்தும். ஆனால் பிழையின் இரண்டாம் முகத்தை, காலி என்று நிரப்பாமல் விட்டதை, இது நேரடியாகக் கண்டுபிடிக்காது. வால்கிரிண்ட் அதையும் பார்க்கும், மதிப்பே வைக்காத நினைவகத்தை நம்பி முடிவு எடுக்கிறாய் என்று எச்சரிக்கும். சின்ன புரோகிராம்களுக்கு இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவதே நல்லது.

இந்த பி.சி. பக் ஆய்வு உலகத்தில் பிரபலமானது வேறொரு வழியில். 2003-இல் பென் லிப்லிட், அலெக்ஸ் ஐக்கன், ஆலிஸ் ஜெங், மைக்கேல் ஜோர்டன் நால்வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். புரோகிராம் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஓடுகிறது, சிலருக்கு விழுகிறது, சிலருக்கு விழுவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தகவலை மாதிரி எடுத்துச் சேர்த்தால், பிழை எங்கே என்று புள்ளியியலே காட்டிவிடுமா? அதைச் சோதிக்க அவர்கள் எடுத்த புரோகிராம்களில் ஒன்று பி.சி. 1.06. தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டினார்கள். கோடில் ஒரு வேரியபிளுக்கு மதிப்பு வைக்கும் இடங்களில், அது மற்ற வேரியபிள்களைவிடப் பெரிதா, சிறிதா, சமமா என்று பதிவு செய்துகொண்டார்கள். விழுந்த ஓட்டங்களையும் விழாத ஓட்டங்களையும் எது பிரித்துக் காட்டுகிறது என்று லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறையில் கணக்கிட்டார்கள்.

பட்டியலில் முதலில் வந்தவை எல்லாம் மோர் அரேஸின் ஒரே வரியைக் காட்டின. ஆனால் அவை சொன்ன செய்தி முதல் பார்வையில் அபத்தமாக இருக்கும். லூப்பின் எண் 'ஸ்கேல்' என்பதைவிடப் பெரிதாக இருந்தால் கிராஷ் என்றது ஒன்று. 'யூஸ் மேத்' என்ற வேறொரு வேரியபிளைவிடப் பெரிதாக இருந்தால் என்றது இன்னொன்று. ஸ்கேல் என்பது தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்ற அமைப்பு. அரே பட்டியலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பே இல்லாத பல எண்களை எல்லாம் அந்த ஒரு எண் தாண்டுகிறது என்றால் அர்த்தம் ஒன்றுதான்: லூப்பின் எண் இருக்க வேண்டியதைவிட மிகப் பெரிதாகிவிட்டது. அந்த வரியைப் போய்ப் படித்தால் பிழை கண்ணெதிரே இருக்கிறது. வழிந்து எழுதிய ஓட்டங்களில் சில அதிர்ஷ்டவசமாக விழாமலும் தப்பித்தன, அப்படி இருந்தும் கணக்கு சரியான இடத்தையே காட்டியது. இதில் எனக்கு மிகப் பிடித்தது, பேக்டிரேஸையே நம்பாமல் அவர்கள் அந்த வரிக்குப் போய்ச் சேர்ந்ததுதான்.

தாறுமாறான உள்ளீடு கொடுத்துப் பார்ப்பது அதற்கும் முன்பே தொடங்கிய வழக்கம். 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் தன் மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகக் கொடுத்தார். யூனிக்ஸின் சின்னச் சின்ன கமாண்டுகளுக்குச் சகட்டுமேனிக்கு எழுத்துகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். 1990-இல் வெளியான முடிவு, சோதித்தவற்றில் கால்வாசியை விழவைக்கவோ உறைந்து நிற்கவைக்கவோ முடிந்தது என்றது. ஃபஸ்ஸிங் என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது. கால்குலேட்டர்கள் இதற்கு மிகப் பொருத்தமான இலக்கு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், அதைப் புரிந்துகொள்ள உள்ளே அடித்ததைப் பிரித்துப் படிக்கும் ஒரு பார்சர் இருந்தே ஆக வேண்டும். லட்சக்கணக்கில் அடைப்புக்குறி திறந்தாலே சில கால்குலேட்டர்களின் ஸ்டேக் (ஃபங்ஷன் அழைப்புகளைக் குறித்து வைக்கும் நினைவகம்) நிரம்பி விழுந்துவிடும். லினக்ஸில் வழக்கமான ஸ்டேக் எல்லை 8 எம்.பி.தான்.

பக் கிடைத்தாயிற்று, வி-யை ஏ ஆக்கியாயிற்று. இப்போது பழைய கோப்பை மறுபடி ஓட்டுங்கள். கிராஷ் வராதது மட்டும் போதாது, வால்கிரிண்டும் மௌனமாக இருக்க வேண்டும், விடைகளும் சரியாக இருக்க வேண்டும். பிறகு அந்த ஃபங்ஷனின் உடன்பிறப்புகளையும் படியுங்கள். நகல் எடுத்து ஒட்டிய கோடு என்றால், ஒன்றில் தவறியது இன்னொன்றிலும் தவறியிருக்கலாம். வேரியபிள் பட்டியலைப் பெரிதாக்கும் ஃபங்ஷனையும், ஃபங்ஷன் பட்டியலைப் பெரிதாக்குவதையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கிராஷ் கொடுத்த கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். புரோகிராமின் சோதனைத் தொகுப்பில் அதைச் சேர்த்துவிடுங்கள். அதில் இரண்டு வடிவம் வையுங்கள், 70 வேரியபிளுக்குப் பின் 40 அரே வரும் கோப்பு ஒன்று, வேரியபிளே இல்லாமல் 40 அரே மட்டும் வரும் கோப்பு ஒன்று. இரண்டாவதை வால்கிரிண்டுக்குள் ஓட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது வெளியே விழாமலேயே தவறு செய்யக்கூடியது. உங்களால் திருத்த முடியவில்லை, புரோகிராமைப் பராமரிப்பவருக்குத்தான் எழுதப் போகிறீர்கள் என்றால், பதிப்பு எண், சிறிதாக்கிய கோப்பு, ஓட்டிய கமாண்ட், வெளியே வந்த எண் இந்த நான்கையும் அனுப்புங்கள். வால்கிரிண்ட் சொன்னதை முழுவதும் அப்படியே ஒட்டுங்கள்.